கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்கும் முன்: வடசென்னையில் மாநகராட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் எனக்கு ‘மனு அண்ணன்’ என்று பெயர். என் உண்மைப் பெயரே மனுதான் என்று நினைத்துக் கூப்பிடும் பிள்ளைகளும் உண்டு. விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சொத்து வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்று யார் வந்தாலும் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுப்பேன். நான் மாநகராட்சி ஊழியன் அல்ல, எந்தக் கட்சியிலும் இல்லை. எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால், இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் தெரு எந்த மண்டலம், எத்தனையாவது வார்டு? எங்கே பார்ப்பது?

சொத்து வரி ரசீதை எடுங்கள். அதிலுள்ள நீளமான எண்ணின் முதல் துண்டு மண்டலம், அடுத்தது வார்டு, அதற்கப்புறம்தான் பில் எண். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பலதுக்கும் உதவும். கடைசியாகக் கட்டிய ரசீதாக இருக்கட்டும். பழைய தாளில் இருக்கும் வார்டு எண்ணை நம்பி மனு எழுதினால் அது வேறு யாரோ ஒருவருடைய மேஜைக்குப் போகும்.

காரணம் 2011. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராகப் பெரிதானது. 155 வார்டுகள் 200 ஆயின, 10 மண்டலங்கள் 15 ஆயின. அதுவரை திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். எண்ணூர்ப் பக்கம் வயதானவர்கள் இன்றும் ‘முனிசிபாலிட்டி ஆபீஸ்’ என்று சொல்வது அதனால்தான்.

இப்போது வடசென்னை என்று நாம் சொல்லும் பகுதி பெரும்பாலும் முதல் ஆறு மண்டலங்களுக்குள் வந்துவிடும்: 1 திருவொற்றியூர், 2 மணலி, 3 மாதவரம், 4 தண்டையார்பேட்டை, 5 ராயபுரம், 6 திரு.வி.க. நகர். வார்டு 1 முதல் 78 வரை. 200-இல் 78 என்பது சின்ன எண்ணிக்கை அல்ல. மாமன்றத்தில் நம் பக்கத்துக் குரல் குறைவு என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மேயர் பெரியவரா, கமிஷனர் பெரியவரா?

நாற்காலியில் மேயர், கையெழுத்தில் கமிஷனர். இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஓரளவு உண்மை. 200 வார்டிலிருந்தும் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் சேர்ந்ததுதான் மாமன்றம். அதற்குத் தலைவர் மேயர். ஆணையாளர் என்கிற கமிஷனர் மாநில அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மாமன்றம் தீர்மானிக்க வேண்டும், ஆணையாளர் நிறைவேற்ற வேண்டும். ஏட்டில் இதுதான் பங்கீடு. நடைமுறையில் மன்றத்தின் முன் வரும் பொருள்களில் பெரும்பகுதி அதிகாரிகள் தயாரித்து வைப்பவை. பெரிய தொகை, புதிய வரி, சட்டம் சம்பந்தப்பட்டவை எல்லாம் கோட்டைக்கு, அதாவது மாநில அரசுக்கு, போய்த் திரும்ப வேண்டும்.

மேயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் அவ்வப்போது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1996-இலும் 2001-இலும் 2011-இலும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி 2022 மார்ச் 4 அன்று மேயரானவர் ஆர். பிரியா. நம்ம திரு.வி.க. நகர் மண்டலத்து 74-ஆவது வார்டிலிருந்து போனவர். சென்னையின் முதல் பட்டியலினப் பெண் மேயர். அவருக்கு முன் இந்தப் பதவியில் இருந்த பெண்கள் தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் என்று இரண்டே பேர். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி இது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மாதக் கூட்டத்தில் அப்படி என்னதான் பேசுகிறார்கள்? டிவியில் வெளிநடப்பு மட்டும்தான் காட்டுகிறார்கள்.

வெளிநடப்பு பத்து நிமிஷம். மிச்சம் எல்லாம் தாள். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடத்தில் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். முதலில் கேள்வி நேரம். கவுன்சிலர் முன்கூட்டியே கேள்வியைக் கொடுத்திருப்பார், மேயரோ அதிகாரி தரும் விவரத்தை வைத்து வேறொருவரோ பதில் சொல்வார்கள். அப்புறம் நேரமில்லா நேரம். தன் வார்டில் அவசரமாக இருப்பதைக் கவுன்சிலர் எழுந்து சொல்வது இதில்தான். இந்த நேரத்தில் பாதி தலைவர்களைப் பாராட்டுவதில் கரைந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம். ஒரு கவுன்சிலருக்குக் கிடைக்கும் சில நிமிஷத்தில் மூன்று நிமிஷம் வாழ்த்துரை போனால், கால்வாய்க்கு எவ்வளவு மிஞ்சும்?

பிறகு பொருள் நிரல். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். ஒப்பந்தப்புள்ளியை ஏற்பது, ஒப்பந்தக் காலத்தை நீட்டிப்பது, மாநகராட்சிக் கடைகளின் குத்தகை, பள்ளிக் கட்டடம், பூங்கா, தெருப் பெயர் என்று வரிசையாக வரும். சிலவற்றின் மேல் ‘பின்னேற்பு’ என்று இருக்கும். அதாவது வேலையை முன்பே தொடங்கிவிட்டார்கள், மன்றத்தின் அனுமதியை இப்போது கேட்கிறார்கள். மழை வெள்ள நேரத்தில் இது நியாயம். சும்மா இருந்த நாளில் தொடங்கிய வேலைக்கும் பின்னேற்பு வந்தால் ஏன் என்று கவுன்சிலர் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் குறைவு. எண்ணை வாசிப்பார்கள், ‘நிறைவேற்றப்பட்டது’ என்பார்கள், அடுத்த எண்.

இந்த வாசிப்பு சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1920 செப்டம்பர் 16 அன்று இதே மாநகராட்சி மன்றத்தில் இப்படி ஒரு தீர்மானம் போனது: ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுப்பது. அப்போது மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு யார் பெயரோ அவரேதான். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடும் கதை அந்த ஓர் அணாத் தீர்மானத்திலிருந்துதான் தொடங்குகிறது. அன்றைக்கும் அது வரிசையில் ஓர் எண்தான்.

2025-இல் 5, 6 மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததும் மன்றத் தீர்மானத்தின் வழியாகத்தான். ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தபோதுதான் நம்மில் பல பேருக்கு அப்படி ஒரு தீர்மானம் இருந்ததே தெரிந்தது.

மன்றத்துக்கு வருவதற்கு முன் வேறு எங்கும் பேச மாட்டார்களா?

பேசுவார்கள், அங்கேதான் உண்மையான வேலை. நிலைக்குழுக்கள் ஆறு: வரிவிதிப்பு மற்றும் நிதி, பணிகள், நகரமைப்பு, பொது சுகாதாரம், கல்வி, கணக்கு மற்றும் தணிக்கை. இவை தவிர நியமனக் குழு ஒன்று. ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு மண்டலக் குழு உண்டு. அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள், அவர்களில் ஒருவர் தலைவர். தெருவிளக்கு, நடைபாதை, சின்னச் சாலை மாதிரி விஷயங்களுக்கு ரிப்பன் மாளிகையை விட மண்டலக் கூட்டமே முக்கியம். செய்தியாளர் கூட்டம் அங்கே அவ்வளவாக இருக்காது, அதனாலேயே நேராகப் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு கேட்டோம். ‘எஸ்டிமேட் போட்டாச்சு’ என்கிறார்கள். அப்படியென்றால் ரோடு வந்துவிடுமா?

இல்லை. அது முதல் படி. ஏறவேண்டிய படிகளைச் சொல்கிறேன், அடுத்த முறை யாராவது ‘ஆயிடுச்சு’ என்றால் எது ஆயிற்று என்று கேளுங்கள்.

வார்டு உதவிப் பொறியாளர், நாம் ஏ.இ. என்கிறோமே அவர், வந்து அளந்து மதிப்பீடு தயாரிப்பார். அது செயற்பொறியாளரிடம் போகும். எந்தக் கணக்கில் பணம் என்று முடிவாக வேண்டும்: வார்டு மேம்பாட்டு நிதியா, மண்டல ஒதுக்கீடா, அரசுத் திட்டமா. பணம் இல்லாமல் மதிப்பீடு மட்டும் இருந்தால் அது ஒரு கோப்பு, அவ்வளவுதான். அப்புறம் தொகையைப் பொறுத்து மண்டலக் குழுவோ, ஆணையாளரோ, மன்றமோ நிர்வாக அனுமதி தர வேண்டும். அதற்கப்புறம் டெண்டர். 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டு, விலைப்புள்ளி வாங்கி, திறந்து, ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பணி ஆணை கொடுக்க வேண்டும். பணி ஆணை கையில் வந்த பிறகுதான் ஜல்லி வரும். வேலை நடக்கும்போது அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார்கள், அதை வைத்துத்தான் பில். ஆக நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ‘எப்ப சார் ரோடு?’ என்பதல்ல. ‘பணி ஆணை எண் என்ன, தேதி என்ன?’ என்பது.

இரண்டு கூடுதல் விஷயம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும். சுரண்டாமல் மேலே மேலே போட்டதால்தான் வியாசர்பாடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் பல வீடுகளில் வாசல் படி இறங்குபடியாக மாறியது. மழைத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. ரோடு போடும் அன்றைக்கே நின்று பாருங்கள், மறுநாள் சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் ரோடு வெட்டும் வேலைகளை நிறுத்திவிடுவார்கள். செப்டம்பர் கடைசியில் மனு கொடுத்துவிட்டு தீபாவளிக்குள் எதிர்பார்க்காதீர்கள்.

பெரிய திட்டங்களின் கதை வேறு. நம் பக்கத்தில் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் நடந்த மழைநீர் வடிகால் வேலை 769 கிலோமீட்டர் நீளம், 3,220 கோடி ரூபாய், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன். அந்த அளவிலான வேலையில் வார்டு ஏ.இ.யால் ஒரு சிலாப்பைக்கூட தன் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. அவரிடம் சண்டை போட்டு நம் தொண்டைதான் வறண்டது.

கவுன்சிலரால் என்ன முடியும், என்ன முடியாது?

மன்றத்தில் கேட்க முடியும், மண்டலக் குழுவில் வேலையைப் பரிந்துரைக்க முடியும், தன் வார்டு மேம்பாட்டு நிதியை எதற்குச் செலவிடலாம் என்று சொல்ல முடியும். ஏ.இ.யையும் சுகாதார ஆய்வாளரையும் கூப்பிட்டு ‘ஏன் ஆகவில்லை’ என்று கேட்க முடியும். ரேஷன் கார்டு, பட்டா, வீட்டு ஒதுக்கீடு தர முடியாது. அவை வேறு துறைகள். பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். அதன் எடை அந்தந்த அலுவலகத்தின் மனசைப் பொறுத்தது.

சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்தான். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ‘லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குறாங்க’ என்று டீக்கடையில் ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. நம் பக்கத்திலும் நிறைய பெண் கவுன்சிலர்கள். அலுவலகத்துக்குப் போனால் அவருடைய வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து ‘சொல்லுங்க’ என்று கேட்டால், மனுவைக் கவுன்சிலர் கையிலேயே கொடுப்பேன் என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். முதல் முறை முறைப்பார்கள், இரண்டாம் முறை அந்த அம்மாவே வெளியே வந்துவிடுவார்.

எந்தப் பிரச்சினைக்கு எந்த அலுவலகம்?

நூற்றுக்கு அறுபது மனு தவறான கதவைத் தட்டுகிறது என்று கண்ணால் பார்த்த கணக்காகச் சொல்வேன். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

சாக்கடை பொங்கினால் முதலில் மூடியைப் பாருங்கள். ரோட்டு நடுவில் வட்ட மூடி என்றால் பெரும்பாலும் கழிவுநீர். அது மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியம், அவர்களின் பக்கத்து டிப்போவில் சொல்ல வேண்டும். ஓரத்தில் நீள்சதுர சிலாப் போட்டிருந்தால் அது மழைநீர் வடிகால், மாநகராட்சி. வட்ட மூடிக்குள் போக வேண்டியது ஓரக் கால்வாயில் ஓடினால் இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவருக்கு எழுதியதன் நகலை இன்னொருவருக்கு அனுப்புங்கள். குடிதண்ணீர், லாரித் தண்ணீர், தண்ணீரில் சாக்கடை வாடை எல்லாம் மெட்ரோ வாட்டரே. சொத்து வரிக்கும் குடிநீர் வரிக்கும் ரசீது தனித்தனி என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றைக் கட்டிவிட்டு இரண்டையும் கட்டியதாக நினைப்பவர்கள் ஏராளம்.

தெருவிளக்கு மாநகராட்சி. வீட்டுக் கரண்ட், தெருமுனை மின்பெட்டி, தொங்கும் ஒயர் எல்லாம் ஈ.பி. உள்தெருக்கள் மாநகராட்சி, எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகள் உருவாக்கும் பள்ளத்துக்குத் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தைத்தான் கேட்க வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் நீர்வளத் துறையின் பொறுப்பு. ஆலைப் புகை, மணலிப் பக்கத்து வாடை, மாசு கட்டுப்பாட்டு வாரியம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் நடப்பது துறைமுகத்தையும் மீன்வளத் துறையையும் சேர்ந்தது; வாசலுக்கு வெளியே குவியும் குப்பை மாநகராட்சி.

‘ஸ்லம் போர்டு’ வீடுகளில் கூரை பெயர்ந்தால் அதே வாரியம்தான். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. குடியிருப்புக்குள் இருக்கும் ரோடும் விளக்கும் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டதா இல்லையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாமல் நடந்தால் இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் பந்து மாதிரி உருள்வோம்.

மருத்துவமனைகளில் ஸ்டான்லியும் ஆர்.எஸ்.ஆர்.எம்.மும் மாநில அரசு. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை மாநகராட்சி. வார்டுகளில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் அப்படியே. 2013-இல் வந்த அம்மா உணவகங்களை நடத்துவதும் மாநகராட்சிதான், அங்கே சாம்பார் நீர்த்துப்போனால் புகார் சொல்ல உரிமை உண்டு.

மழை வந்தால் மூடும் கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் மேலே ரயில்வே, கீழே மாநகராட்சி. அங்கே ஒரு மேம்பாலம் ஏன் அவ்வளவு நாள் இழுத்தது என்பதற்குப் பாதி விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கு போன் பண்ணிச் சொன்னேன். ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது. வேலை நடக்கவே இல்லை.

மறுபடி கூப்பிட்டு, பழைய புகார் எண்ணைச் சொல்லி, திரும்பத் திறக்கச் சொல்லுங்கள். புதுப் புகாராகப் பதியாதீர்கள். புதுப் புகாரில் பழைய தாமதம் மறைந்துபோகும். முடிந்தால் மாநகராட்சியின் ‘நம்ம சென்னை’ செயலியில் படத்தோடு போடுங்கள். மூன்றாம் முறையும் அப்படியே மூடினால் மண்டல அலுவலருக்கு எழுத்தில், மூன்று புகார் எண்களோடு. அதற்கும் மேலே வடக்கு வட்டார துணை ஆணையாளர் இருக்கிறார். 1 முதல் 5 வரையுள்ள மண்டலங்கள் அவருக்குக் கீழே.

ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டும் 1913. எண் மறந்துபோகிறவர்களுக்கு இப்படித்தான் நான் சொல்லிக் கொடுப்பது.

பகுதி சபை என்று ஒன்று நடக்கிறதாமே? வெறும் கண்துடைப்பா?

கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்தில் பகுதி சபை. சென்னையில் ஒவ்வொரு வார்டையும் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லாரும் அதன் உறுப்பினர். முதல் முறை 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று கூடியது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அவர்களெல்லாம் சேர்ந்து கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு.

கண்துடைப்பா என்றால், நாம் போகாவிட்டால் கண்துடைப்புதான். நான் போன ஒரு கூட்டத்தில் நாற்காலி முப்பது, வந்தவர்கள் பதினொன்று, அதில் நாலு பேர் ஊழியர்கள். ஆனால் அந்த ஏழு பேரில் ஒரு பாட்டி, ரேஷன் கடைக்குப் போகும் வழியில் நடைபாதைக் கல் பெயர்ந்திருப்பதைச் சொன்னார். குறிப்பேட்டில் எழுதினார்கள். ‘என்ன எழுதினீங்க, வாசிச்சுக் காட்டுப்பா’ என்றார் பாட்டி. வாசித்தார்கள். தெருப் பெயர் தப்பாக இருந்தது, அங்கேயே திருத்தினார்கள். நான் இத்தனை வருஷம் மனு எழுதியும் எனக்குத் தோன்றாத வேலை அது. இப்போது நானும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன்.

சொத்து வரி எப்போது கட்ட வேண்டும்? தள்ளுபடி உண்டா?

அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் வட்டி ஏறும். 2022-இல் வரி உயர்ந்தபோது பழைய மாநகராட்சிப் பகுதிக்கு ஓர் அளவு, 2011-இல் சேர்ந்த பகுதிக்கு அதைவிடக் குறைந்த அளவு என்று வைத்தார்கள். அதனால் தண்டையார்பேட்டைத் தங்கையும் திருவொற்றியூர் அக்காவும் ரசீதை ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம்.

வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் இடம் உங்களுடையது ஆகிவிடாது. இதைக் கேட்டு முகம் வாடிப்போனவர்கள் பலர். ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி. உரிமைக்குப் பத்திரமும் பட்டாவும் வேண்டும். புறம்போக்கிலும் துறைமுக நிலத்திலும் தலைமுறையாக வாழ்கிறவர்கள் நிறைந்த நம் பக்கத்தில் இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிறப்பு, இறப்புச் சான்றிதழுக்குப் புரோக்கரிடம் போகலாமா?

வேண்டாம். 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்துவிடுங்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள், பள்ளியில் சேர்க்கும் நாளில் அல்ல.

வீடு கட்ட, கடை போட?

சின்ன வீடு என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்றிதழ் முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் இணையத்திலேயே உடனடி அனுமதி. சுயசான்று என்றால் தப்புக்கும் நாமே பொறுப்பு என்று அர்த்தம். கடைக்குத் தொழில் உரிமம் வேண்டும், காலம் முடியும்முன் புதுப்பிக்க வேண்டும்.

தெருநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய்த் திரும்ப இங்கேயே விடுகிறார்களே?

விதி அப்படி. இனக்கட்டுப்பாட்டு அறுவைசிகிச்சை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023-ஆம் ஆண்டு விதிகள். வெறிபிடித்ததாகத் தோன்றினால் தனியாகச் சொல்லுங்கள், அதற்கு வேறு நடைமுறை.

கொடுங்கையூர் குப்பைமேட்டை மாமன்றம் நினைத்தால் மூட முடியாதா?

நினைத்த மாத்திரத்தில் முடியாது. சுமார் 350 ஏக்கரில் பல பத்தாண்டுகளாக வடக்கு மண்டலங்களின் குப்பை சேர்ந்த இடம். பழைய குப்பையைச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடக்கிறது. அதே வளாகத்தில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டத்துக்குச் சுற்றுவட்டாரக் குடியிருப்புச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்திருக்கின்றன. எனக்கும் எரிப்பதில் சம்மதமில்லை; மணலியும் எண்ணூரும் இழுக்கும் மூச்சு போதும். ஆனால் நம் வீட்டு வாளியில் மீன் செதிலும் பால் பாக்கெட்டும் ஒன்றாகப் போகிறவரை அந்த மேடு உயரத்தான் செய்யும் என்பதையும் சங்கக் கூட்டத்தில் சொல்கிறேன். அப்போது கைத்தட்டல் கொஞ்சம் குறைகிறது.

கவுன்சிலரே இல்லாத காலம் இருந்ததாமே?

இருந்தது. மஸ்டர் ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பதிவேடு, ஊழல் புகாருக்குப் பிறகு 1973-இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். இருபத்துமூன்று ஆண்டு. கலைத்த ஆண்டில் மூலக்கொத்தளத்தில் பிறந்த ஒரு பையன் கவுன்சிலர் என்ற ஆளையே பார்க்காமல் வளர்ந்து, கல்யாணமும் கட்டியிருப்பான். பிறகு 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம்வரை மறுபடி தனி அதிகாரி ஆட்சி. அந்தக் காலத்தில் மழை வெள்ளம், கொரோனா எல்லாவற்றையும் அதிகாரிகளே பார்த்தார்கள். வேலை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ‘எங்க தெருவுல இன்னும் தண்ணி நிக்குது’ என்று ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டுவதற்குத்தான் ஒரு கதவு இல்லை.

மன்றக் கூட்டத்தை நாமும் போய்ப் பார்க்கலாமா?

உங்கள் கவுன்சிலரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் மூலம் போவது எளிது. வாசலில் காவலர் கேட்பார், அடையாள அட்டை வையுங்கள். நிதிநிலை அறிக்கை வைக்கும் நாளில் கூட்டம் அதிகம். சாதாரண மாதத்தில் போனால் நடைமுறை புரியும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம்?

‘ஏன் ரோடு போடவில்லை’ என்று கேட்காதீர்கள். அது கருத்து, பதில் வராது. தாளைக் கேளுங்கள்: மதிப்பீட்டின் நகல், பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், எந்தத் தீர்மான எண்ணில் அனுமதி. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நீளத்தையும் தெருவின் நீளத்தையும் ஒரு டேப் வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

மனுவில் என்ன எழுத வேண்டும்?

நாள், உங்கள் பெயர், முழு முகவரி, மண்டலம், வார்டு. பிரச்சினை ஒரே வரியில். எத்தனை நாளாக. முன்பே சொன்ன புகார் எண்கள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. இரண்டு படி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வாருங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

விளக்கு என்றால் கம்பத்து எண்ணை அவசியம் எழுத வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. நான் எழுதிய முதல் மனு தெருவிளக்குக்குத்தான். இரண்டு பக்கம். இருட்டில் டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகள், வேலை முடிந்து வரும் தாய்மார்கள், பாம்பு, திருடன் எல்லாம் இருந்தது. கம்பத்து எண் இல்லை, வார்டு இல்லை, தெருப் பெயர் மட்டும். அந்தப் பெயரில் வடசென்னையில் எத்தனை தெரு இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை. பத்தே நாளில் விளக்கு எரிந்தது, மூன்று கிலோமீட்டர் தள்ளி, அதே பெயருள்ள வேறு தெருவில். அந்தத் தெருக்காரர்கள் இன்றுவரை எனக்கு ஒரு நன்றி சொல்லவில்லை.